கீழ் வீட்டு வானம்

"மன்னிப்புக் கேக்கணும்னா என்கிட்ட ஏன் வந்து நிக்கிறீங்க? யாருக்குச் செஞ்சீங்களோ அவர்கிட்டல்ல கேக்கணும்," என்றார் ஸப்ரியா.

மேல் வீட்டுக்காரர் அஸரியா கையில் தேன் கேக்குடன் வாசலிலேயே நின்றார். மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு இறங்கி வர அவருக்குப் பல வருஷம் பிடித்திருந்தது. வந்த வேலை சட்டென்று முடிந்துவிடும் என்று நம்பித்தான் வந்திருந்தார். கேக்கைக் கொடுப்பது, தலையைக் குனிந்து ஒரு வார்த்தை சொல்வது, ஸப்ரியா "மன்னிச்சாச்சு" என்பது, மேலே ஏறிப் போய்க் காலைச் சாப்பாட்டில் உட்காருவது. அவ்வளவுதான் திட்டம்.

"அவர்கிட்ட எப்படிம்மா கேக்கறது? அவர்தான் இல்லையே."

"இல்லாம எங்க போயிட்டாரு? மலைமேலதான் படுத்திருக்காரு. மத்தியானம் வரைக்கும் பஸ் ஓடுது."

அன்று யோம் கிப்பூர் என்கிற பாவமன்னிப்பு நாளுக்கு முந்தின நாள். சூரியன் இறங்கினால் நோன்பு தொடங்கிவிடும். எருசலேமில் அன்று காலை எந்தப் படிக்கட்டில் ஏறினாலும் யாராவது யாரையாவது நிறுத்தி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கடவுளுக்குச் செய்த பாவத்தைக் கடவுள் அந்த ஒரு நாளில் தள்ளுபடி செய்துவிடுவார். மனுஷனுக்குச் செய்ததை அந்த மனுஷனே மனசு வைத்து விட்டால்தான் உண்டு. அஸரியா ஒரு மாதமாக விடியுமுன் எழுந்து ஜெபாலயத்துக்குப் போய்க் கடவுளிடம் கெஞ்சிக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பக்கம் அவருக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் ஸப்ரியாவின் கணவர் ஷப்தாயைப் பற்றித்தான்.

விஷயம் ஒரு பால்கனி. கூடாரப் பண்டிகை முழுக்க நாங்கள் ஓலைப் பந்தலில்தான் சாப்பிடுவோம். பந்தலுக்கு மேலே வானத்தைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. அதற்காகவே எங்கள் பக்கத்துக் கட்டடங்களில் பால்கனிகளை ஒன்றின் தலைமேல் ஒன்று வராமல் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். அஸரியாவுக்கு அலுமினிய ஜன்னல் போடுகிற தொழில். மூன்றாவது பெண் பிறந்ததும் வீட்டில் இடம் போதவில்லை என்று தன் பால்கனியை இரண்டு எட்டு வெளியே இழுத்து, கண்ணாடி வைத்து, பண்டிகைக்கு ஓலை போடத் திறக்கிற கூரையோடு அறையாக்கிக்கொண்டார். அந்த இரண்டு எட்டில் கீழ் வீட்டு ஷப்தாயின் வானம் போய்விட்டது.

ஷப்தாய் ஒரே ஒரு முறை மேலே வந்து, சண்டைக்காக இல்லாமல், இனி நான் பந்தலை எங்கே போடுவது என்று கேட்டார். அதற்கு அஸரியா, "வானம் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றார். ஷப்தாய் தலையாட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அதன் பிறகு ஒவ்வொரு கூடாரப் பண்டிகைக்கும் கணவனும் மனைவியும் சோற்றுப் பாத்திரத்தைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு ஜெபாலயத்துப் பொதுப் பந்தலுக்கு நடந்து போனார்கள். தூறல் விழுந்தால் ஷப்தாய் குடையைத் தனக்குப் பிடிக்காமல் பாத்திரத்துக்குப் பிடிப்பார். அஸரியா இதைத் தன் புது அறையின் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். அவரே பூட்டிய நல்ல கண்ணாடி, அதனால் எல்லாம் தெளிவாகத் தெரியும்.

ஒவ்வொரு வருஷமும் போய்க் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வார். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடும். போன வருஷம் இதே நாளில் துணிந்து இறங்கியபோது படிக்கட்டுச் சுவரில் கறுப்புக் கரை போட்ட மரண அறிவிப்பை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஷப்தாய் விடியற்காலையில் போயிருந்தார். நோன்பு வருவதற்குள் அவசர அவசரமாக அடக்கம் நடந்தது. பிள்ளை இல்லாதவர் என்பதால் ஜெபாலயத்து ரப்பியே முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஏழு நாள் துக்கத்துக்கு உட்கார வேண்டிய ஸப்ரியாவை யோம் கிப்பூர் வந்து ஒரு மணி நேரத்தில் எழுப்பிவிட்டது. பெருநாள் துக்கத்தை வெட்டிவிடும் என்பது எங்கள் சட்டம். ஆறுதல் சொல்லப் போகவேண்டும் என்று நினைத்திருந்த யாரும் போகவில்லை, அஸரியாவும் போகவில்லை.

இந்த வருஷம் தள்ளிப்போட வழி இல்லை. பண்டிகைகள் முடிந்த மறுநாள் மருத்துவமனையில் அவருடைய நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். யார் இருப்பது, யார் போவது என்கிற கடவுளின் தீர்ப்பு நாளை மாலை முத்திரையாகிவிடும். ஷப்தாயின் புகார் மேலே நிலுவையில் இருக்கும்போது எந்த டாக்டரை நம்பிப் படுப்பது?

"எனக்குச் செஞ்சதை நான் மன்னிச்சுட்டேன். கேக் நல்லாயிருக்கு," என்று ஸப்ரியா தட்டை வாங்கிக்கொண்டார். உள்ளே சமையல் மேடையில் இறந்தவர்களுக்கு ஏற்றும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் நோன்பு தொடங்கும்போது ஏற்றுவதை இவர் காலையிலேயே ஏற்றிவிட்டாரே என்று அஸரியாவுக்குத் தோன்றியது. அதைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரமில்லை.

"போறப்ப என்னைப் பத்தி ஏதாவது சொன்னாராம்மா?"

ஸப்ரியா தட்டை விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். "சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"பத்துப் பேரைக் கூட்டிக்கிட்டு அவர் முன்னாடி வந்து நில்லுங்க. அங்க சொல்றேன். இன்னிக்கே வரணும்."

அஸரியா ரப்பிக்குப் போன் போட்டார். ரப்பி வாய் நிறைய எதையோ மென்றுகொண்டே, நோன்புக்கு முந்தின நாள் நன்றாகச் சாப்பிடுவதும் கடமைதானே, அந்த அம்மாள் சொல்வது சரி என்றார். தீங்குக்கு ஆளானவர் இறந்திருந்தால் பத்து ஆண்களைக் கல்லறைக்குக் கூட்டிப்போய், அவர்கள் காதுபடப் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். நானே வந்திருப்பேன், ஆனால் மத்தியானத் தொழுகை நான் இல்லாமல் நடக்காது என்று சொல்லி வைத்துவிட்டார்.

பத்துப் பேர் ஒரு விஷயமா என்று நினைத்துக்கொண்டு அஸரியா ஜெபாலயத்துக்கு நடந்தார்.

முற்றத்தில் முதலில் அகப்பட்டவர் ஸாசோன். பட்டாளத்து நாளிலிருந்து கூட்டாளி. கூப்பிட்டால் எங்கேயும் வருகிறவர். இன்றைய தினம் எல்லாம் சுத்தமாக இருக்கட்டும் என்று அஸரியா முதலில் அவரிடமே மன்னிப்புக் கேட்டார். வருஷம் பூராவும் தெரிந்தும் தெரியாமலும் ஏதாவது செய்திருந்தால் விட்டுவிடு என்றார். ஸாசோன் விட்டேன் என்றார், நீயும் விட்டுவிடு என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பயந்த மனுஷனுக்கு நிறுத்தத் தெரியுமா?

"எத்ரோக் விஷயத்தையும் சேர்த்துத்தானே?" என்று அஸரியா கேட்டார்.

"எந்த எத்ரோக் விஷயம்?"

எத்ரோக் என்பது நார்த்தங்காய் ஜாதிப் பழம். கூடாரப் பண்டிகைக்கு அதைக் கையில் பிடித்துத்தான் துதி சொல்ல வேண்டும். அதன் நுனியில் ஒரு சின்னக் காம்பு இருக்கும், அது உடைந்தால் பழம் செல்லாது. சில வருஷங்களுக்கு முன் ஸாசோன் ஊரிலேயே அழகான எத்ரோக்கைத் தேடி வாங்கி, ஒரு நிமிஷம் பிடித்துக்கொள் என்று அஸரியாவிடம் கொடுத்தார். அது அஸரியாவின் கையிலிருந்து நழுவிக் காம்பு முறிந்தது. அவருடைய சட்டைப் பையில் வேலைக்கு வைத்திருந்த பசை இருந்தது. அது யாருடைய கெட்ட நேரம் என்று இன்றுவரை தெரியவில்லை.

"கோந்து போட்டா ஒட்டினே?" என்றார் ஸாசோன் மெதுவாக.

"கோந்து இல்ல. ஜன்னல் ரப்பர் ஒட்டற பசை. உசத்தியான பசை."

ஸாசோன் படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த எத்ரோக்கைப் பார்த்துப் பொறாமைப்படாதவர்கள் அந்த வருஷம் இல்லை. அவர் பெருமையாக எல்லோரிடமும் நீட்டினார், அரை ஜெபாலயம் அதை வாங்கிப் பிடித்துத் துதி சொன்னது. அத்தனையும் வீண். மன்னிப்பதா வேண்டாமா என்று யோசித்துச் சொல்கிறேன், மலைக்கு மட்டும் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஸாசோன் எழுந்து போனார். போகிற வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

அஸரியா கடைத்தெருவுக்கு வருவதற்குள் செய்தி அவரை முந்திக்கொண்டது. மீன்கடையில் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தி, நானும் அந்தப் பழத்தைப் பிடித்தவன்தானே என்றார். இன்னொருவர், அதைப் பிடித்துக்கொண்டுதான் என் பெண்ணுக்கு வரன் வேண்டினேன், இன்னும் அமையவில்லை, இப்போதல்லவா காரணம் தெரிகிறது என்றார். ஒவ்வொருவரிடமும் நின்று கெஞ்ச வேண்டியிருந்தது. கூப்பிடப் போன இடத்திலெல்லாம் அவருக்குக் கடன்காரர்கள் முளைத்தார்கள்.

சரி, கட்டடத்துக்காரர்களைக் கூப்பிடுவோம் என்று திரும்பினார். தரைத்தளத்து ஹெஸ்கேல் முற்றத்தில் வெள்ளைச் சட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு பழைய புண் உண்டு. புளித்த ரொட்டி வீட்டில் இருக்கவே கூடாத பஸ்கா பண்டிகைக்கு ஒரு முறை, ஒரு துணுக்குகூட இல்லாமல் துடைத்து, முற்றத்தையும் கழுவி முடித்த நேரத்தில், மேலேயிருந்து யாரோ சாப்பாட்டு விரிப்பை உதறி அவர் தலையிலேயே ரொட்டித் தூளைக் கொட்டினார்கள். நாலாம் மாடிக்காரர் துவியாதான் என்று முடிவு கட்டி, அன்றிலிருந்து துவியாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

உதறியது அஸரியா. இன்று அதைச் சொல்லாமல் மலைக்குக் கூப்பிட முடியுமா? சொன்னார்.

ஹெஸ்கேல் கையிலிருந்த ஈரச் சட்டையைக் கீழே போட்டார். "அட பாவி. அப்ப இத்தனை வருஷமா நான் துவியாவை வாய்க்கு வந்தபடி பேசினது எந்தக் கணக்குல சேரும்?"

"அதையும் என் கணக்குல போட்டுக்கோ."

"உன் கணக்குல இடம் இருக்காய்யா?"

மூட்டு வலிக்காரரான ஹெஸ்கேல் நாலு மாடி ஏறினார். பாதி வழியில் அஸரியா தாங்கிப் பிடித்தார். துவியா கதவைத் திறந்ததும் ஹெஸ்கேல் மூச்சிரைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டார். துவியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹெஸ்கேல் தன்னோடு பேசாமல் இருந்ததே அவருக்குத் தெரியாது. காது கொஞ்சம் மந்தம், அவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைத்திருந்தாராம். ஆனாலும் இரண்டு பேரும் மலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டார்கள். துவியா தன் இரண்டு மருமகன்களையும் இழுத்துக்கொண்டார்.

அஸரியாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அந்தத் தெம்பில் பின்ஹாஸிடம் போனார். அதுதான் தப்பு.

பின்ஹாஸ் ஜெபாலயத்தில் கொம்பு ஊதுகிறவர். நாளை மாலை நோன்பு முடியும்போது அவர் ஊதும் ஒற்றை ஊதலுக்காகத்தான் ஊரே பட்டினியோடு காத்திருக்கும். சில நாள் முன் வந்த எங்கள் புத்தாண்டன்று அவர் ஊதியதைக் கேட்டு அஸரியா பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னதும், அந்த வரிசையே தோள் குலுங்கச் சிரித்ததும் பின்ஹாஸ் கண்ணில் பட்டிருந்தது.

"வர்றேன். நீ என்ன சொன்னேன்னு மட்டும் சொல்லிடு," என்றார் பின்ஹாஸ்.

இன்றைய தினத்தில் பொய் சொல்ல முடியாது. ஏற்றத்தில் நின்றுபோன பழைய பஸ் மாதிரி இருக்கிறது என்று சொன்னதாக அஸரியா தரையைப் பார்த்தபடி ஒப்புக்கொண்டார். பின்ஹாஸ் முகம் சுருங்கிவிட்டது. முன்பல் ஒன்று போய்விட்டது, அது வழியாகக் காற்று கசிகிறது, ஊதும்போதெல்லாம் நானே பயந்துகொண்டுதான் ஊதுகிறேன் என்றார். அதைக் கேட்டதும் அஸரியாவுக்குத் தன் வாயைத் தானே தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. இந்த முறை கேட்ட மன்னிப்பில் தன் நெஞ்சு, அறுவை சிகிச்சை எதுவும் அவருக்கு நினைவில் இல்லை. பின்ஹாஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி நயீமா கடைசிச் சாப்பாட்டுக்குக் கோழி ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தார். எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்டார். அஸரியா விரல் மடக்கினார், பாதிக்கு மேல் போகவில்லை.

"மன்னிப்புக் கேக்கறதை நிறுத்திட்டு ஆளைக் கூப்பிடுங்க. இந்த வேகத்துல போனா உங்களுக்கே பத்துப் பேர் தேடணும்," என்றார் நயீமா. சொல்லிவிட்டுத் தானே போனை எடுத்துத் தன் தம்பிகள் ஐந்து பேரையும் அழைத்தார். அவர்களிடம் அஸரியாவை எதற்கும் மன்னிப்புக் கேட்க விடவில்லை.

பஸ்கள் நின்றுவிட்டன. அஸரியாவின் வேலை வண்டியில், அலுமினியச் சட்டங்களுக்கு நடுவே, வெள்ளைச் சட்டை போட்ட ஆண்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வளைவுகளில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள், சாய்ந்தபோதெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். ஸப்ரியா முன் இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் இறங்கி எண்ணியபோது பத்தில் ஒருவர் குறைந்தார். மருமகன்களில் ஒருவன் பாதி வழியில், சிக்னலில் நின்றபோது, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று குதித்து ஓடியிருந்தான்.

மலைமேல் ஆள் நடமாட்டம் ஓய்ந்திருந்தது. வெயில் கல்லறைகள்மேல் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. அஸரியா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை பேரிடம் கெஞ்சி, இத்தனை பேரைப் புண்படுத்தி, கடைசியில் ஒரு ஆள் இல்லாமல் ஷப்தாய் முன்னால் வாயைத் திறக்க முடியாமல் போகப்போகிறது. அவருக்கு அழுகை வந்தது.

அப்போது ஒரு டாக்ஸி வந்து நின்றது. ஸாசோன் இறங்கினார்.

"உனக்காக வரல. ஷப்தாயும் அந்த எத்ரோக்கைப் பிடிச்சவன். அதுக்காக வந்தேன்," என்றார்.

பத்துப் பேரும் கல்லறையைச் சுற்றி நின்றார்கள். எளிய கல், பெயரும் தேதியும் மட்டும். அஸரியா செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "இஸ்ரவேலின் தேவனுக்கும், இந்த ஷப்தாய்க்கும் நான் பாவம் செய்தேன்," என்று ரப்பி சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். அதற்கு மேல் மனப்பாடம் உதவவில்லை.

"உங்க வானத்தை எடுத்துக்கிட்டேன். அப்பன் பேரை வேற இழுத்தேன். நீங்க பாத்திரத்துக்குக் குடை பிடிச்சுக்கிட்டுப் போறதைப் பாத்துக்கிட்டு ஜன்னலுக்குள்ள உக்காந்து சாப்பிட்டேன். ஒரு வருஷம்கூட எனக்கு அது ருசிக்கல, ஷப்தாய்."

நாளை நோன்பு முடிந்ததும் ஊரே பந்தலுக்கு முதல் ஆணியை அடிக்கும்போது, நான் அந்த அறையிலிருந்து முதல் ஆணியைப் பிடுங்குவேன், பண்டிகைக்கு முன் ஸப்ரியாவின் பால்கனிக்கு மேலே வானம் இருக்கும், இந்தப் பத்துப் பேர் சாட்சி என்றார் அஸரியா. ஹெஸ்கேல் பக்கத்தில் இருந்த துவியாவின் காதில் அதைத் திருப்பிச் சொன்னார். பிறகு எல்லோரும் மூன்று முறை, மன்னிக்கப்பட்டது, மன்னிக்கப்பட்டது, மன்னிக்கப்பட்டது என்றார்கள்.

"பத்துப் பேர் இருக்கீங்க. கதீஷும் சொல்லிடுங்க," என்றார் ஸப்ரியா. "இன்னிக்கு அவருக்கு வருஷம்."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. போன வருஷம் இதே நாள் என்று எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் நினைவில்லை. காலையில் சமையல் மேடையில் பார்த்த விளக்கு அஸரியாவின் கண்முன் வந்தது. கதீஷ் என்பது இறந்தவருக்காக மகன் சொல்கிற துதி, பத்து ஆண்கள் கூடாமல் அதைச் சொல்லக் கூடாது. மகன் இல்லாத ஷப்தாய்க்கு அஸரியா சொன்னார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அந்த இடங்களில் பின்ஹாஸ் சேர்ந்து சொல்லித் தாங்கினார். ஸாசோன்தான் எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னார்.

முடிந்ததும் அஸரியா குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கல்லறைமேல் வைத்தார். உயிரோடு இருந்தால் ஒவ்வொரு வருஷமும் இதே நாளில் பத்துப் பேரோடு வந்து நிற்பேன் என்று, யாரும் கேட்காமலே, கல்லைத் தொட்டுச் சொன்னார். பிறகு ஸப்ரியாவிடம் திரும்பினார்.

"எதுவானாலும் தாங்கிக்கறேம்மா. போறப்ப என்னைப் பத்தி என்ன சொன்னாரு?"

ஸப்ரியா கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கல்லில் இருந்த தூசியைத் துடைத்தார். வண்டியைப் பார்த்து இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார்.

"'போயும் போயும் இந்த நாள்ல சாகறேன் ஸப்ரியா, வருஷத்துக்குக் கதீஷ் சொல்ல எவனும் மலை ஏற மாட்டான், மேல் வீட்டு அஸரியாவை நான் என்னைக்கோ மன்னிச்சாச்சு, ஆனா பத்துப் பேரோட வந்து நிக்கிற வரைக்கும் அவன்கிட்ட மட்டும் அதைச் சொல்லிடாதே'ன்னு சொன்னாரு."